அவன் பாதி, என் பாதி

மூன்று கிலோமீட்டர் நடந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது உறைத்தது.

நான்கு வழிச்சாலையின் ஓரமாக, காரிமங்கலத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். மாமரங்களில் பிஞ்சு இறங்கியிருந்த மாதம். தார் இளகிப் பாதத்தில் ஒட்டியது. ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் சூடு கொஞ்சம் குறையும். லாரியில் கிளீனராகத் திரிந்த காலத்தில் கற்றது. அதன் மேலேயே நடந்தேன்.

செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியும். நான் விட்டு வந்த ஓட்டலின் முன்னால், ஓர் இரும்புப் படிக்கட்டின் அடியில். ‘செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்’ என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் நான் பலகையைப் படித்து, செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறேன். அதை நினைத்ததும் கோபம் இன்னும் கூடியது. பாதம் வெந்து போனாலும் திரும்பப் போவதில்லை என்று நடந்தேன்.

அந்தப் படிக்கட்டுக்கு மேலே, இரண்டு சிமென்ட் தூண்களின் மீது, மூக்கை வானத்துக்குத் தூக்கியபடி ஒரு கார் நின்றது. ரோஸ் கலர் கார்.

அது என்னுடைய கார். என்னுடையதும் மாதேஷுடையதும்.

மாந்தோப்பில் கிடந்தது

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: எந்த ஊரிலாவது ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்திருக்கிறீர்களா? இருந்திருக்கிறேன். பதினாலு மாதம். அந்தக் காருக்காக.

மாதேஷை எனக்கு ஒகேனக்கல்லில் பழக்கம். நான் மீன் வறுக்கும் கடையில் மசாலா தடவிக்கொண்டிருந்தேன். அவன் கரையில் உட்கார்ந்து ஃபைபர் பரிசல்களுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி நார்த் துணியை விரித்து, பிசினைக் குழைத்துப் பூசி, உருளையால் தேய்ப்பான். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் ஒட்டுப்போட்ட இடம் எது என்று அவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் அதிகமாக வந்து பரிசலுக்குத் தடை விழுந்தால் காரிமங்கலம் பக்கத்தில் இருந்த தன் கொட்டகைக்கு வந்துவிடுவான். தோட்டங்களில் ஓட்டையான தண்ணீர்த் தொட்டிகளை அடைப்பான்.

ஒரு தடை நாளில் நானும் அவனோடு வந்தேன். மாந்தோப்பு ஒன்றில் தொட்டி வேலை. தொட்டிக்குப் பின்னால், மருந்து டப்பாக்களுக்கும் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களுக்கும் நடுவே அது கிடந்தது. இரண்டே பேர் உட்காரும் கார். கூரை கிடையாது. தரையோடு தரையாகத் தாழ்ந்து, முன்விளக்குகள் இரண்டும் தவளைக் கண்ணாகப் பிதுங்கியிருந்தன. எங்கோ மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய கம்பெனி கொஞ்ச காலம் செய்து நிறுத்திவிட்ட வண்டி என்றார் தோட்டத்துக்காரர். மகன் காலேஜ் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கியதாம். இப்போது ஜெர்மனியில் இருக்கிறானாம். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். அதுவரைக்கும் ஆசைப்பட்டு எதையும் வாங்கியதில்லை. பையில் அடங்காத எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கணக்கு. அந்தக் காரைப் பார்த்ததும் அந்தக் கணக்கு போயிற்று.

காசு பேசவில்லை. தோட்டத்துக்காரரின் டிராக்டர் புகை கக்கிக்கொண்டு நின்றிருந்தது, அதன் இன்ஜினை நான் இறக்கிப் பிரித்துக் கட்டித் தர வேண்டும். ஆறு தொட்டிகளையும் மாதேஷ் அடைத்துத் தர வேண்டும். கார் எங்களுக்கு. இதுதான் பேச்சு. ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது.

பூ கேட்டது

எனக்கு அப்போதே கைகொடுத்து முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. மாதேஷ் சம்மதிக்கவில்லை. அம்மனிடம் பூ கேட்காமல் அவன் ஓர் ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டான்.

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பூசாரி அம்மன் சிலையின் வலது தோளில் ஒரு செவ்வரளியும் இடது தோளில் ஒரு வெள்ளரளியும் தண்ணீர் தொட்டு ஒட்டவைப்பார். காரியத்தை மனதில் நினைத்துக்கொண்டு எதிரே உட்கார வேண்டும். வலது பூ முதலில் விழுந்தால் செய்யலாம். இடது விழுந்தால் வேண்டாம். கல்யாணம், கிணறு, வழக்கு எல்லாம் அப்படித்தான் முடிவாகும்.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இடது பூ விழுந்தது.

மாதேஷ் எழுந்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்து மேலே காட்டினேன். கருவறைக்கு வெளியே ஒரு மின்விசிறி சாய்ந்து தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று நேராக இடது தோளுக்குத்தான் போயிற்று.

“அம்மன் சொல்லலடா. ஃபேன் சொல்லுது” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வெளியே வந்து நெடுநேரம் பீடி குடித்தான். கடைசியில், “உனக்கு அவ்ளோ ஆசைன்னா வாங்கிக்கலாம்” என்றான். அவன் சொன்னதில் ‘உனக்கு’ என்ற சொல்லை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி அவன் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். அன்றே பேசி வைத்துக்கொண்டோம். வண்டி தயாரானதும் முதல் ஓட்டம் ஒகேனக்கல்லுக்கு. போகும்போது நான் ஓட்டுவேன். மீன் தின்றுவிட்டுத் திரும்பும்போது அவன் ஓட்டுவான்.

உள்ளங்கை அளவு ஓட்டை

முதல் வாரமே நான் ஒரு காரியம் செய்தேன். இடது கதவில் ஒரு நெளிவு இருந்தது. சங்ககிரியில் லாரி பாடி கட்டும் இடத்தில் நெளிவெடுத்துப் பழகியவன் நான். கேஸ் வெல்டிங் செட்டை இரவல் வாங்கி வந்து, தீயைப் பற்றவைத்துக் கதவில் காட்டினேன். இரும்பாக இருந்தால் சிவந்து இளகும். அது கறுத்து, குமிழி விட்டு, நாற்றமடித்து எரிந்தது.

மாதேஷ் ஈரச் சாக்கோடு ஓடிவந்து அணைத்தான். “இது ஃபைபர்டா. பரிசலு மாதிரி. பரிசல யாராச்சும் தீய வச்சு நிமித்துவாங்களா” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. அதை ஒட்டி மூட அவனுக்கு நான்கு நாள் ஆனது. எவ்வளவு தேய்த்தும் அந்த ஓர் இடம் மட்டும் லேசாகப் பள்ளம் தட்டியது. கையை வைத்தால் கை சரியாக உட்காரும். “உன் கையெழுத்து” என்றான்.

அன்றைக்குப் பிரித்துக்கொண்டோம். பாடி அவன் பாதி. இன்ஜின், கியர், பிரேக் என் பாதி. ஒருவர் பாதியில் மற்றவர் கை வைப்பதில்லை.

அந்தப் பதினாலு மாதமும் பகலில் கூலி வேலை, சாயங்காலம் கார். மாதேஷின் மனைவி செல்வி என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடும். மூன்று தட்டு வைக்கப் பழகிவிட்டது. வேலை செய்துகொண்டே நான் என் பழைய கதைகளைச் சொல்வேன். சங்ககிரியில் மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறியது, திருப்பூரில் சாயப்பட்டறை மிஷினை ஓடவிட்டு வெளியே வந்தவன் திரும்பாதது, எல்லாம். சிரித்துச் சிரித்துச் சொல்வேன். அவனும் சிரிப்பான்.

இன்ஜின் உயிர் பெற்றது. கியர் பாக்ஸில் இரண்டாவது கியர் மட்டும் நிற்காமல் நழுவியது. ஒரு பித்தளை வளையம் மாற்ற வேண்டும். பெங்களூரில் பழைய உதிரிபாகம் விற்கும் சந்துகளில் தேடினால் கிடைக்கும். ஒரு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஒரு வாரம்

மூன்றாவது நாள் போனைப் பறிகொடுத்தேன். ஐந்தாவது நாள் வளையம் கிடைத்தது. ஆறாவது நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். பிறகு ஒரு கேரேஜின் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டு, நடக்க முடிந்த நாளில் அவர்களுக்கு நட்டு போல்ட் கழுவிக் கொடுத்துச் சாப்பிட்டேன். நாலு மாதம் ஓடிவிட்டது.

மாதேஷின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. அது நிஜம். ஆனால் காரிமங்கலத்திலிருந்து தக்காளி ஏற்றி வரும் வண்டிகள் தினமும் கேரேஜ் பக்கத்து மார்க்கெட்டுக்கு வந்தன. தெரிந்த டிரைவர்கள் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கார் அங்கே இருக்கும், அவன் அங்கே இருப்பான் என்ற எண்ணம். விட்டுவிட்டுப் போவது என்னுடைய வேலை. என்னை விட்டுப் போகிற வகை அவர்கள் இல்லை என்று இருந்துவிட்டேன்.

பஸ் ஜன்னல்

உடம்பு தேறியதும் சேலம் பஸ்ஸில் ஏறினேன். இடது ஜன்னல். பித்தளை வளையம் துணியில் சுற்றிச் சட்டைப்பையில். கிருஷ்ணகிரி தாண்டி, காரிமங்கலம் நெருங்கும்போது பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. சாலையோரம் புதிதாக ஓர் ஓட்டல். முன்னால் ஃபைபர் யானை, ஃபைபர் முதலை. நடுவில் தூணின் மேல் ஒரு ரோஸ் கலர் கார். எந்தப் பைத்தியக்காரன் செய்த வேலை என்று நானும் சிரித்தேன்.

தவளைக் கண் இரண்டும் என்னைப் பார்த்தன.

கத்தி, கண்டக்டரிடம் திட்டு வாங்கி, அடுத்த பாலத்தடியில் இறங்கித் திரும்பி ஓடினேன். படிக்கட்டில் குடும்பம் குடும்பமாக வரிசை. காரில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பதற்கு. செருப்பைக் கழற்றி, வரிசையை இடித்துக்கொண்டு மேலே போனேன். புது ரோஸ் பெயின்ட்டின் மேல், இடது கதவில் கையை வைத்தேன். என் கை சரியாக உட்கார்ந்தது.

உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எதோடும் ஒட்டாமல் சும்மா சுற்றியது. பெடல் இருந்த இடத்தில் சிமென்ட். தரையைத் துளைத்து நான்கு போல்ட் இறக்கி முடுக்கியிருந்தார்கள். முன்மூடிக்கு அடியில் ஒன்றும் இல்லை என்பதைத் திறக்காமலே தெரிந்துகொண்டேன். இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வாட்ச்மேன் வந்து கெஞ்சினான். வரிசையில் நின்ற ஒரு பெண், “அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கறோம், எங்க வண்டி கெளம்பிரும்” என்றாள். நான் அசையவில்லை. அப்போதுதான் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து, கையெல்லாம் பிசினோடு, பாதி செய்த ஒட்டகச்சிவிங்கி ஒன்றை விட்டுவிட்டு மாதேஷ் வந்தான். அங்கே அவனுக்கு நிரந்தர வேலை. ஊரெல்லாம் பிளாஸ்டிக் தொட்டி வந்து தொட்டி வேலை படுத்துவிட்டது. ஃபைபர் மிருகப் பொம்மை செய்யும் வேலையைக் கொடுக்க முதலாளி கேட்ட ஒரே பொருள் இந்தக் கார்தான்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவன் படியேறி வந்து, என் முகத்தை, மெலிந்த கையை எல்லாம் பார்த்தான்.

“எறங்குடா சின்னு. சாப்புட்டுப் பேசலாம்.”

“இது யாரு வண்டி?”

“நம்ம வண்டிதான்.”

“அப்ப ஓட்டு, பாக்கலாம்.”

வரிசையில் ஒருவன் போனைத் தூக்கி எங்களைப் படம் எடுக்க ஆரம்பித்தான்.

“நான் செத்துட்டன்னு நெனச்சியா?” என்றேன்.

“நீ செத்திருப்பன்னு நெனைக்கல. போயிட்டன்னு நெனச்சேன்” என்றான். “தட்டக் கழுவாம போனவன் கதையெல்லாம் நீதான சொன்ன. எங்க வூட்லயும் மூணாவது தட்டு கவுத்தே கெடந்துச்சு. செல்வி எடுத்து உள்ள வச்சிருச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலயா?”

“ஒன்ன எங்க போய்க் கேக்கறது? அம்மன்கிட்டக் கேட்டேன். பூ கேட்டேன். வலது பக்கம் வுழுந்துச்சு.”

நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

“ஃபேன் ஓடுச்சா?” என்றேன்.

அவன் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தான்.

“கேக்கறன்ல. ஃபேன் ஓடுச்சா, நின்னுச்சா?”

பதில் இல்லை. இன்றுவரை இல்லை. பிசின் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே, ஏதோ நியாயம் பேசுகிறவனைப் போல நிதானமாகச் சொன்னான்:

“ஒன் பாதி அப்படியே இருக்குது. இன்ஜினு, கியர் பாக்ஸு எல்லாம் கொட்டாயில எண்ண போட்டு மூடி வச்சிருக்கேன். ஒரு நட்டுக்கூடக் கொறையல. நான் என் பாதியத்தான் குடுத்தேன்.”

அவனை அறைந்திருந்தால் இந்தக் கோபம் அன்றைக்கே இறங்கியிருக்கும். ஏமாற்றினவனை அடிக்கலாம். இவன் ஏமாற்றவில்லை. பேசின பேச்சின்படி சரியாகப் பிரித்துக் கொடுத்திருந்தான். காரைப் பாதியாக வெட்டினால் இரண்டு பாதியும் கார் இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்கு, வேலையைப் பிரித்துக்கொண்ட அன்றைக்கு, தெரிந்திருக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்த வளையத்தை எடுத்து அவன்மேல் வீசினேன். நெஞ்சில் பட்டுப் படியில் உருண்டது. அவன் குனிந்து எடுத்தான். துணியைப் பிரித்துப் பார்த்தான். என்னவென்று தெரிந்ததும் தன் சட்டையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டான். என் பாதியோடு சேர்த்து வைப்பதற்கு.

நான் காரைவிட்டு இறங்கினேன். அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் ஏறி உட்கார்ந்து சிரித்தார்கள். செருப்பை மறந்தேன்.

வெறுங்கால்

காரிமங்கலத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம். சந்தை மேட்டில் குழாய்த் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி மொபெட்டில் வந்து நின்றது. மாதேஷ் அனுப்பினானா, தானாக வந்ததா, கேட்கவில்லை. என் செருப்பைக் கொண்டுவந்திருந்தது. கீழே வைத்துவிட்டு, “அண்ணா, நீங்க ஒரு போன் பண்ணிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்” என்றது. நான் செருப்பைத் தொடவில்லை. செல்வி வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிற்று. எழுந்தபோது செருப்பை அங்கேயே விட்டேன். அந்தப் பெண்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. இருந்தும் தொடவில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு கிணற்று மேஸ்திரி ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே காய்ந்த கிணறு ஒன்றை ஆழப்படுத்துகிறார்கள். கிரேன் ஓட்டுகிறவன் வரவில்லை. கிளட்ச், கியர் தெரிந்தவன் யாராவது உண்டா என்றார். தெரியும் என்றேன். காலைப் பார்த்தார்.

“செருப்பு எங்கப்பா?”

“இல்லீங்க.”

“எத்தன நாளைக்கு இருப்ப?”

நான் பதில் சொல்வதற்குள், சரி வா என்று கூட்டிப் போய்விட்டார்.

கிணற்று மேட்டில் இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு பழைய கார் இன்ஜின், அதுதான் கிரேன். பாடி கிடையாது, சக்கரம் கிடையாது. முதல் கியர் போட்டால் கம்பி சுற்றிக்கொண்டு மண் தொட்டி மேலே வரும். ரிவர்ஸ் போட்டால் இறங்கும். வேறு எங்கும் போகாது. கிளட்ச் மிதி காலை வெயிலிலேயே சூடேறியிருந்தது. கொப்புளத்தின் மேல் அழுத்தினேன்.

கீழே மூன்று பேர் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி அவர்கள் தலைக்கு மேலேதான் ஏறி இறங்கும். மேஸ்திரி சொன்ன விதி ஒன்றே ஒன்று: கீழே ஆள் இருக்கிற வரைக்கும் மேலே இருக்கிறவன் சீட்டைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒண்ணுக்கு வந்தாலும் சரி, பாம்பு வந்தாலும் சரி.

மதியம் சோற்றுக்கு அவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்தார்கள். மூன்றாவது ஆள் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காலை வைத்த பிறகுதான் நான் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன்.